மணலும் மதகும் சொல்லும் பாடம்

பகலெல்லாம் அனலை வாரி வீசிய கச்சான் காற்று ஓய்ந்து, கடல் சற்றே அடங்கியிருந்த ஒரு மாலைப்பொழுது. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலுக்கு அண்மையில், கரைவலை இழுத்து முடித்தவர்கள் ஈரமணல்மீது கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலே பிறந்து வளர்ந்த இளைஞன் ஒருவன் என்னருகில் வந்து அமர்ந்தான். பொறியியற் பீடம் ஒன்றில் அவன் முதலாம் ஆண்டு மாணவன். விடுமுறைக்கு வீடு வந்திருந்தான். உயர்தரப் பரீட்சையில் இணைந்த கணிதத்திலும் பௌதிகத்திலும் அவன் பெற்ற சித்தியைக் கொண்டாட, அவனுடைய வாப்பா அயலெல்லாம் வட்டிலப்பம் பகிர்ந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

“படிப்பு எப்படிப் போகுது மகன்?” என்று கேட்டேன்.

“விளங்குது மாமா. எழும்பி நின்று சொல்லத்தான் வாய் வருகுதில்ல” என்றான்.

பின்னர் நடந்ததை விவரித்தான். முதல் வாரத்திலேயே விரிவுரையாளர் ‘ஸ்ட்ரெஸ்’ என்றும் ‘ஸ்ட்ரெயின்’ என்றும் இரு சொற்களைச் சொல்லிக் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்தாராம். யாரோ அந்நியர் இருவர் வந்து வகுப்பில் அமர்ந்ததுபோல் இருந்ததாம் அவனுக்கு. சில நாட்கள் கழிந்த பின்னரே, அவர்கள் பள்ளிக்கூடத்தில் தான் ஈராண்டு காலம் கூடிப் பழகிய ‘தகைப்பும்’ ‘விகாரமும்’தான் என்று கண்டுகொண்டானாம். அதற்குள் வகுப்பு வெகுதூரம் போய்விட்டது. கேள்வி கேட்டபோது விடை அவன் நெஞ்சில் இருந்தது, நாவில் இல்லை.

இந்தச் சிறிய சம்பவத்தை அன்றிரவு முழுவதும் எண்ணிப் பார்த்தேன். பொறியியலைக் கற்பிக்கும் புதிய முறைகளைப் பற்றி இன்று உலகெங்கும் பேசப்படுகிறது. நமது நாட்டிலும் பேசப்படுகிறது. ஆயின், அப்புதிய முறைகள் அனைத்தும் மாணவன் வாய் திறப்பான் என்ற ஒரே நம்பிக்கையின்மீது கட்டப்பட்டவை. வாய் திறவாத மாணவனுக்கு அவற்றால் யாது பயன்? கல்முனைக்குடியிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் புறப்படும் பிள்ளைகளை முன்னிறுத்தி இக்கேள்வியை ஆராய்வது பொருத்தமாகும் எனக் கருதுகின்றேன்.

சுண்ணக்கட்டியும் மௌனமும்

ஆதிகாலத்தில் பொறியியல் பட்டறையில் கற்கப்பட்டது. தச்சன் மகன் உளியைப் பிடித்துத் தச்சனானான். தோணி கட்டுபவன் மகன் பலகையை வளைத்து வளைத்துத் தோணி கட்டுபவனானான். அங்கே விரிவுரை இல்லை, பரீட்சையும் இல்லை; பிழைத்தால் தோணி ஒழுகும், அவ்வளவே.

பிரான்சிலே பெரும்புரட்சி நடந்துகொண்டிருந்த 1794ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் எக்கோல் பாலிடெக்னிக் என்னும் கலாசாலை தோன்றியது. கணிதத்தையும் பௌதிகத்தையும் முதலில் கற்பித்து, அவற்றின்மேல் பொறியியலைக் கட்டவேண்டும் என்ற கொள்கை அங்கேதான் உறுதிபெற்றது. அதே ஆண்டில் சென்னையிலே நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அதுவே நாளடைவில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. இலங்கையில் 1893ஆம் ஆண்டு மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி எழுந்தது. 1950ஆம் ஆண்டில் பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேரா அவர்களைத் தலைவராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கொழும்பில் அமைந்து, 1960களின் நடுப்பகுதியில் பேராதனைக்குப் பெயர்ந்தது. கட்டுபெத்தையில் இருந்த கலாசாலை 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. மர்ஹூம் எம். எச். எம். அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியால் ஒலுவிலில் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகம் 1996ஆம் ஆண்டு முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்து, 2010களின் தொடக்கத்தில் தனக்கெனப் பொறியியற் பீடம் ஒன்றையும் பெற்றது. கல்முனைக்குடிப் பிள்ளை பொறியியல் கற்க வேறு மாகாணத்துக்குப் போயே தீரவேண்டும் என்ற நிலைமை அன்றோடு மாறியது.

கட்டடங்கள் பெருகின, கருவிகள் பெருகின. ஆனால் வகுப்பறையின் வடிவம் பெரும்பாலும் பாரிஸ் நகரத்து வடிவமாகவே நின்றது. ஆசிரியர் மேடையில் நின்று சுண்ணக்கட்டியால் எழுதுவார். மாணவர் கீழே அமர்ந்து பிரதி செய்வர். ஆசிரியரின் ஏட்டிலிருந்து மாணவனின் ஏட்டுக்கு எழுத்துக்கள் இடம்பெயரும். இருவர் உள்ளத்திலும் என்ன நிகழ்கிறது என்பதை மற்றவர் அறியார்.

பக்கத்திலிருப்பவனைக் கேள்

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் மசூர் என்னும் பௌதிகப் பேராசிரியர் 1984ஆம் ஆண்டு தொடக்கம் கற்பித்துவந்தார். மாணவர் அவரைப் புகழ்ந்தனர். பரீட்சைகளில் கடினமான கணக்குகளைச் செய்து காட்டினர். தமது கற்பித்தலில் குறையேதும் உண்டென்று எண்ண அவருக்குக் காரணமே இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டளவில், விசையைப் பற்றிய மிக எளிய வினாக்கள் கொண்ட ஒரு சோதனையை அவர் தம் மாணவருக்குக் கொடுத்தார். கணக்கே இல்லாத சோதனை அது. அப்போது ஒரு மாணவி, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதவேண்டுமா, அல்லது நான் வழக்கமாக எண்ணுகிறபடி எழுதவேண்டுமா என்ற கருத்தில் ஒரு கேள்வி கேட்டாளாம். பேராசிரியர் திகைத்துப்போனார். கற்பித்தவை மாணவரின் ஏட்டில் ஏறியிருந்தன, எண்ணத்தில் ஏறவில்லை.

அந்தச் சோதனை எத்தகையது என்று நம் ஊர்க்காட்சி ஒன்றால் விளக்கலாம். கல்முனைப் பெருந்தெருவில் நெல்மூட்டை ஏற்றிய லொறி ஒன்றும் முச்சக்கர வண்டி ஒன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. முச்சக்கர வண்டியின்மீது லொறி செலுத்தும் விசை பெரிதா? லொறியின்மீது முச்சக்கர வண்டி செலுத்தும் விசை பெரிதா? தாக்கமும் மறுதாக்கமும் சமம் என்று நியூட்டனின் விதியை மனனமாக ஒப்புவிக்கும் மாணவருள்ளும் பலர், லொறியின் விசையே பெரிதென்று தயங்காமல் சொல்லிவிடுவர். நசுங்கியது முச்சக்கர வண்டியன்றோ! இரு விசைகளும் சமமே. திணிவு குறைந்தது வண்டி. ஆதலால் அதன் வேகம் திடீரென மாறுகிறது. அதன் உடலும் மெலிந்தது, ஆகவே நசுங்குகிறது. விதியை அறிந்திருப்பது வேறு, அவ்விதியின் வழியாக உலகைக் காண்பது வேறு.

1991ஆம் ஆண்டு முதல் மசூர் தம் முறையை மாற்றினார். சிறிது நேரம் விளக்குவார். இத்தகைய வினா ஒன்றை முன்வைப்பார். ஒவ்வொருவரும் தனித்தனியே சிந்தித்து விடையைக் காட்டவேண்டும். பின்னர், வேறு விடை சொன்ன ஒருவரைப் பக்கத்திலே தேடிப் பிடித்து, தன் விடையே சரியென்று அவரை நம்பச் செய்ய முயலவேண்டும். மண்டபம் சந்தையைப்போல் இரையும். மூன்று நிமிடம் சென்றபின் மீண்டும் விடை கேட்பார். முன்னர் பிழையாகச் சொன்னவருட் பலர் இப்போது சரியாகச் சொல்வர். பேராசிரியரால் விளக்க முடியாததைப் பக்கத்து இருக்கைத் தோழனால் விளக்க முடிவது எங்ஙனம்? அவன் அதைச் சற்றுமுன்தான் விளங்கிக்கொண்டான். எங்கே இடறியது என்பது அவனுக்கு இன்னும் நினைவிருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன் விளங்கிக்கொண்ட ஆசிரியர் அந்த இடறலை மறந்துவிட்டார்.

டென்மார்க் நாட்டில் 1974ஆம் ஆண்டு தோன்றிய ஓல்போர்க் பல்கலைக்கழகம் இன்னொரு வழியைத் தேர்ந்தது. மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து, தவணைதோறும் மெய்யான ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதைத் தீர்க்க வேண்டிய அறிவைத் தேடித் தேடிக் கற்கின்றனர். பாடம் முன்னும் பிரச்சினை பின்னுமாக இருந்த வரிசை அங்கே தலைகீழாயிற்று.

இவையெல்லாம் வெறும் புதுமோகம் என்று ஒதுக்குவார்க்கு ஒரு சான்று உண்டு. விஞ்ஞானம், பொறியியல், கணிதம் ஆகிய துறைகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்கொட் ஃப்ரீமன் என்பாரும் அவர் குழுவினரும் 2014ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டனர். விரிவுரையை மட்டும் கேட்ட வகுப்புக்களில் சித்தியெய்தாதோர் நூற்றுக்குச் சராசரி 34 பேர். மாணவர் தாமே பேசியும் செய்தும் கற்ற வகுப்புக்களில் 22 பேர். நூறு பேரில் பன்னிருவரின் எதிர்காலம் கற்பிக்கும் முறையிலே தொங்குகிறது என்றால், அம்முறையை ஆராய்வது வீண்வேலையாகுமா?

எந்த மொழியில் உரையாடுவது?

இனி, இம்முறையை நம் கடற்கரைப் பிள்ளையின் வகுப்புக்குக் கொண்டுவருவோம். பக்கத்திலிருப்பவனோடு வாதாடு என்கிறார் ஆசிரியர். இலங்கையில் பள்ளிக்கூடக் கல்வி உயர்தரம்வரை பெரும்பாலும் தமிழிலோ சிங்களத்திலோ நடைபெறுகிறது. பல்கலைக்கழகப் பொறியியலோ ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரு மொழியில் சிந்தித்தவன், சில வாரங்களில் இன்னொரு மொழியில் வாதாட வேண்டியவனாகிறான். வாதாட முடியாதவன் தலையசைக்கிறான். தலையசைப்பை ஆசிரியர் விளக்கம் என்று கொள்கிறார். பழைய விரிவுரை முறையிலாவது மௌனியாயிருப்பவன் ஏட்டைப் பார்த்துத் தப்பிக்கொண்டான். புதிய முறையிலோ அவன் இருமடங்கு பின்தங்குகிறான். உரையாடலால் கற்பவர் விரைந்து முன்னேற, உரையாட இயலாதவர் நின்ற இடத்திலேயே நிற்பர். இந்த அபாயத்தைக் காணாமல் புதிய முறையைக் கொண்டாடுவது நேர்மையாகாது.

அப்படியாயின் பொறியியலை முற்றாகத் தமிழிலேயே கற்பிக்கலாமே என்பர் சிலர். தமிழால் முடியாது என்று நான் ஒருபோதும் சொல்லேன். 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைக் கற்பித்தார். பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்து, உடற்கூறு, மகப்பேறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் முதலிய துறை நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். அவர் தமிழை நாடியதற்கு மொழிப்பற்று மட்டும் காரணமன்று. ஆங்கிலத்தில் பயின்றவர் உத்தியோகம் தேடி ஊரைவிட்டுப் போய்விடுவதையும், தமிழில் பயின்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பதையும் அவர் எண்ணிப் பார்த்தார்.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. 2023இல் சில உறுப்புக் கல்லூரிகளில் அப்பாடநெறிகளை நிறுத்துவதாக அறிவிப்பு வெளியாகி, எதிர்ப்பு எழுந்தபின் அம்முடிவு கைவிடப்பட்டது. பட்டம் பெற்றபின் வேலை கிட்டுமா என்ற பெற்றோரின் அச்சமே இதிலுள்ள பெருஞ்சிக்கல். இன்னொரு சிக்கல் சிறிதாகத் தோன்றினும் சிறிதன்று. நாம் ‘ஆர்முடுகல்’ என்பதைத் தமிழகத்தார் ‘முடுக்கம்’ என்கின்றனர். நமது ‘சக்தி’ அவர்களுக்கு ‘ஆற்றல்’; நமது ‘வலு’ அவர்களுக்குத் ‘திறன்’; நமது ‘அமுக்கம்’ அவர்களுக்கு ‘அழுத்தம்’. யாவற்றிலும் வேடிக்கை யாதெனில், நாம் ‘வேகம்’ என்று சொல்வதை அவர்கள் ‘திசைவேகம்’ என்றும், நாம் ‘கதி’ என்பதை அவர்கள் ‘வேகம்’ என்றும் வழங்குகின்றனர். பாக்குநீரிணை கடந்தால் அதே சொல்லுக்குப் பொருள் மாறிவிடுகிறது! இருகரைத் தமிழரும் பொதுக் கலைச்சொற்களுக்கு இணங்கும்வரை பாடநூல்கள் கடல் தாண்டுவது கடினமே.

ஆகவே, இரு முனைகளுக்கும் நடுவே ஒரு வழியைத் தேடவேண்டும். வேல்ஸ் நாட்டிலே, தாய்மொழியாகிய வெல்ஷையும் ஆங்கிலத்தையும் வைத்து ஒரு கல்விமுறை வளர்ந்தது. கென் வில்லியம்ஸ் என்னும் கல்வியாளர் 1994ஆம் ஆண்டு அதற்கொரு பெயரிட்டார். ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில் பேசவும் எழுதவும் மாணவரைப் பழக்குவதே அம்முறை. பார்த்து எழுதுபவனுக்குப் பொருள் விளங்காமலே பிரதி செய்ய இயலும். ஒரு மொழியில் வாசித்ததை வேறொரு மொழியில் விளக்க வேண்டியவனோ விளங்காமல் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது. இரு மொழியும் ஒருங்கே வலுப்பெறும் வழி இது.

ஹார்வர்ட் வகுப்பையும் வேல்ஸ் வகுப்பையும் இணைத்துப் பாருங்கள். வினா ஆங்கிலத்தில் பலகையில் இருக்கிறது. முதல் மூன்று நிமிடம் மாணவர் தத்தம் தாய்மொழியில் வாதாடட்டும். அடுத்த மூன்று நிமிடம் தமிழ் மாணவனும் சிங்கள மாணவனும் சேர்ந்த குழுவில், இருவருக்கும் பொதுவான ஆங்கிலத்தில், முடிவை உரைக்கட்டும். இறுதியில் ஒவ்வொருவனும் நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதட்டும். ஒலுவிலிலும் பேராதனையிலும் மொறட்டுவையிலும் இரு மொழி மாணவரும் ஒரே மண்டபத்தில் அமர்பவர்களாதலின், தமிழில் மட்டும் அல்லது சிங்களத்தில் மட்டும் என்பது அங்கே நியாயமும் ஆகாது, நடவாததும் ஆகும். ஆனால் சிந்தனையின் முதற்படி தாய்மொழியில் நிகழ இடங்கொடுப்பதால் எவருக்கும் நட்டமில்லை. எண்ணம் தெளிந்தபின் சொல் தேடுவது எளிது. சொல்லையும் எண்ணத்தையும் ஒரே நொடியில் தேடச் சொல்வதே கொடுமை.

ஒலுவில் மணல்

வாதாடுவதற்குப் பொருள் எது? ஓல்போர்க் மாணவர் மெய்யான பிரச்சினைகளைத் தேடிப் போகின்றனர் என்றோம். நம் பிள்ளைகள் தேடிப்போகவும் வேண்டியதில்லை. கல்முனைக்குடியிலிருந்து தெற்கே சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் கடந்தால் ஒலுவில். பல்கலைக்கழகமும் அங்கே, ஒலுவில் துறைமுகமும் அங்கே. டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் 2008ஆம் ஆண்டு வேலை தொடங்கி, 2013ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்ட துறைமுகம் அது. பின்னர் நிகழ்ந்ததை இக்கரையோரத்தார் அறிவர். துறைமுக வாயிலில் மணல் சேர்ந்து படகுகளின் வழியை அடைத்தது. வடபுறத்திலோ கடல் கரையை அரித்து, தென்னை மரங்களையும் நிலத்தையும் விழுங்கியது.

இதன் காரணத்தை ஒரு பிள்ளைக்கு விளக்குவது கடினமன்று. அலை கரைக்கு நேராக வருவதில்லை. சற்றுச் சரிந்தே வருகிறது. ஏறும்போது மணலைச் சரிவாக ஏற்றிச்செல்கிறது. இறங்கும்போது நேராக இழுத்து இறங்குகிறது. இவ்வாறு வாளின் பற்கள்போன்ற பாதையில் ஒவ்வொரு மணலும் அலைக்கு அலை ஓரடி நகர்கிறது. கரையோரமாக ஓடும் மணல் ஆறு என்றே இதனைச் சொல்லலாம். அந்த ஆற்றின் குறுக்கே கடலுக்குள் கல்லணை நீட்டினால், மணல் வரும் பக்கத்தில் அது குவிகிறது. மறுபக்கத்துக்குப் போகவேண்டிய மணல் போய்ச்சேர்வதில்லை. அலை மட்டும் வழமைபோல் வந்து, கொடுப்பாரின்றி எடுத்துக்கொண்டே போகிறது.

காரணம் எளிது, பரிகாரமோ எளிதன்று. ஆண்டொன்றுக்கு எவ்வளவு மணல் நகர்கிறது? கச்சான் காலத்தில் எவ்வளவு, வாடைக் காலத்தில் எவ்வளவு? குவிந்த மணலை அள்ளி மறுபுறம் சேர்ப்பதற்கு என்ன செலவு, அதை ஆண்டுதோறும் யார் கொடுப்பது? அரிக்கும் இடத்தில் கல்லைக் கொட்டினால், அரிப்பு நின்றுவிடுமா, அல்லது அடுத்த ஊருக்கு நகருமா? மீனவனின் தொழிலுக்கும் நிலக்காரனின் தென்னந்தோட்டத்துக்கும் முரண்பாடு வந்தால் எதை முதலில் காப்பது? இவற்றுள் பாய்பொருள் இயக்கவியல் இருக்கிறது, புள்ளிவிவரம் இருக்கிறது, பொருளியல் இருக்கிறது, நீதியும் இருக்கிறது. எந்தப் பாடநூலின் இறுதியிலும் இதன் விடை அச்சிடப்படவில்லை.

இத்தகைய பிரச்சினையை எடுத்துக்கொள்ளும் மாணவன் முதலில் யாரிடம் போகவேண்டும்? கருவியோடு கடலுக்குப் போகலாம். அதற்குமுன் கரைவலைக்காரரிடம் போகவேண்டும். எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நீரோட்டம், வலை எந்தப் பக்கம் சாயும், எந்த ஆண்டில் எந்த இடத்தில் மணல் மேடிட்டது என்பவை அவரிடம் கைமுதலாக இருக்கின்றன. அவர் சொல்வதெல்லாம் சரியென்று கொள்ள வேண்டியதில்லை, அளந்து பார்க்கவேண்டும். ஆனால் எதை அளப்பது என்று அவரே சொல்வார். அவரோடு பேசுவதற்கு ஆங்கிலம் உதவாது. ‘வாய் வருகுதில்ல’ என்று வருந்திய நம் பிள்ளை அங்கே வகுப்பிலேயே தேர்ந்த மாணவனாகிவிடுவான். ஆங்கிலத்தில் வல்ல நகரத்துத் தோழன் அவன் மொழிபெயர்ப்பை எதிர்நோக்கி நிற்பான். ஒருவனிடமிருந்து மற்றவன் கற்பது அப்போதுதான் மெய்யாகும்.

கல்லோயா மதகு

மக்களோடு பேசுவது பொறியியலுக்கு ஓர் அலங்காரம் என்று எண்ணுவோர்க்கு நம் மாவட்டமே மறுமொழி சொல்கிறது. பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்து அணைகட்டும் வேலை 1949ஆம் ஆண்டு தொடங்கியது. சேனாநாயக்க சமுத்திரம் பிறந்தது. பொறியியலின் கண்கொண்டு பார்த்தால் மாபெரும் சாதனை. ஆயினும் மூன்று தசாப்தங்கள் கழிவதற்குள் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்து, மதகுகள் உடைந்து, தலைப்பகுதி வயல் நீரில் மிதக்கக் கடைப்பகுதி வயல் வெடித்துக் கிடந்தது. நீர் திருடுகிறார்கள், கதவை உடைக்கிறார்கள், ஒத்துழைக்க மாட்டார்கள் என்று அதிகாரிகள் விவசாயிகளைக் குறைகூறினர். உரிய நாளில் தண்ணீர் வருவதில்லை, வந்தாலும் போதுவதில்லை என்று விவசாயிகள் அதிகாரிகளைக் குறைகூறினர்.

1980களின் தொடக்கத்தில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே ஒரு புதிய முயற்சியில் இறங்கின. பட்டதாரி இளைஞர்களையும் யுவதிகளையும் தேர்ந்து, அமைப்பாளர்களாகப் பயிற்றி, விவசாயிகளிடையே குடியிருக்க அனுப்பினர். அவர்கள் ஆணையிடவில்லை. வீடு வீடாகச் சென்று பேசினர்; கேட்டனர். ஒரே வாய்க்காலில் நீர் பெறும் சிலரைச் சிறு குழுவாகக் கூட்டினர். 1981ஆம் ஆண்டு அவர்கள் களமிறங்கியபோது நீர்த்தேக்கத்தில் நாலில் ஒரு பங்கு நீரே இருந்தது. சண்டைதான் மூளும் என்று எவரும் எதிர்பார்த்திருப்பர். நிகழ்ந்தது வேறு. பல ஆண்டுகளாகத் தூர்ந்துகிடந்த வாய்க்கால்களை விவசாயிகள் கூடி இறங்கித் துப்புரவாக்கினர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். தம் முறையில் மிஞ்சியதைக் கடைப்பகுதியாருக்கு விட்டுக்கொடுத்தனர். தலைப்பகுதிச் சிங்கள விவசாயியின் வாய்க்காலிலிருந்து கடைப்பகுதித் தமிழ் விவசாயிக்கு நீர் போய்ச்சேர்ந்தது. சில பருவங்களுக்குள் பொறியியலாளருட் பலரும், வாய்க்கால் திருத்தும் திட்டங்களை விவசாயிகளோடு அமர்ந்து பேசியே வகுக்கலாயினர். இதனை முன்னின்று ஆராய்ந்த நோர்மன் அப்ஹொஃப், கல்லோயாவிலிருந்து உலகம் கற்கவேண்டியவை எவை என்று 1992இல் ஒரு நூலே எழுதினார்.

உலகம் கற்றுக்கொண்டது. கல்லோயா நீரில் நெல் விளைவிக்கும் நாம் கற்றுக்கொண்டோமா? அந்த அணையைக் கணித்தவர்களிடம் கணக்கு இருந்தது. கணக்குக்கு அப்பால் மனிதர் இருந்தனர். அவர்களோடு பேச அக்காலப் பொறியியற் கல்வி எவருக்கும் பயிற்சி அளித்திருக்கவில்லை. பொறியியற் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014ஆம் ஆண்டு முழு அங்கத்துவம் பெற்றது. அவ்வுடன்படிக்கை பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் தகைமைகளுள் கணக்கறிவோடு, குழுவாக உழைத்தலும், பிறரோடு தெளிவாக உரையாடுதலும், சமுதாயப் பொறுப்பும் அடங்கும். வட்டவிதானையோடு பேசத் தெரியாத நீர்ப்பாசனப் பொறியியலாளன் அத்தகைமைகளுள் பாதியை இழந்தவனே.

நம்மால் ஆகக்கூடியவை

புதிய முறைகள் பெருஞ்செலவு வேண்டுவன என்று ஒரு தப்பெண்ணம் உண்டு. நூறு பேர் அமர்ந்த மண்டபத்தில் பக்கத்துத் தோழனோடு வாதாடும் முறையை நடத்த, நான்கு நிற அட்டைகள் போதும். விடைக்கேற்ற நிறத்தை உயர்த்திக் காட்டினால் ஆசிரியர் ஒரே பார்வையில் வகுப்பின் உள்ளத்தைப் படித்துவிடுவார். செலவு பணத்தில் இல்லை. ஆசிரியரின் உழைப்பில் இருக்கிறது. நல்ல வினா ஒன்றை ஆக்குவது நல்ல விரிவுரை ஒன்றை ஆற்றுவதிலும் கடினம்.

அதனினும் கடினமானது பரீட்சை. வினாத்தாள் மனனத்தையே கேட்குமாயின், வகுப்பில் எத்தனை வாதம் நடந்தாலும் மாணவன் பழைய வினாத்தாள்களைத் தேடியே ஓடுவான். அவனைக் குற்றங்கூற இயலாது. முறை மாறவேண்டுமாயின் அளவுகோலும் மாறவேண்டும்.

ஊரவராகிய நமக்கும் பங்குண்டு. உயர்தரப் பரீட்சை எழுதியதற்கும் பல்கலைக்கழகம் புகுவதற்கும் இடையே மாதக்கணக்கில் காலம் வீணே கழிகிறது. அக்காலத்தில் ஊரிலுள்ள பொறியியலாளர்களும் ஆசிரியர்களும் கூடி, தமிழில் கற்ற பௌதிகக் கலைச்சொற்களையும் அவற்றின் ஆங்கில இணைகளையும் பிள்ளைகளுக்குப் பழக்கலாம். தகைப்பும் ஸ்ட்ரெஸும் ஒன்றே என்று முதல் நாளுக்கு முன்னரே ஒரு பிள்ளை அறிந்திருந்தால், வகுப்பில் அவன் இழக்கும் வாரங்கள் அவனுக்கு மிஞ்சும். எண்பது பக்க அப்பியாசக் கொப்பி ஒன்றும், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையும், வாரம் இருமுறை இரண்டு மணிநேரமும் போதும்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி இக்கரையில் கடல் ஏறியபோது, இலங்கையிலே மிக அதிகமான உயிர்களை இழந்தது நம் அம்பாறை மாவட்டமே. அதன்பின் வீடுகள் கட்டப்பட்டன, வீதிகள் போடப்பட்டன, துறைமுகமும் வந்தது. இனியும் பல வரும். அவற்றைத் திட்டமிடும் மேசையில் இக்கரையின் மணலையும் காற்றையும் அறிந்த ஒருவர் அமர்ந்திருக்க வேண்டாமா? அமர்ந்தால் மட்டும் போதுமா, வாய் திறக்கவும் வேண்டாமா?

அன்று மாலை அந்த இளைஞனிடம் ஒலுவிலைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவன் ஒரு குச்சியை எடுத்து ஈரமணலில் கரையை வரைந்தான், கல்லணையை வரைந்தான், அலை வரும் திசையை அம்புக்குறியாக இட்டான். கயிறு சுருட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

“அப்படி இல்ல தம்பி. வாடைக்கு ஓட்டம் மறுபக்கம்” என்று சொல்லிக் காலால் ஓர் அம்பை அழித்து, விரலால் இன்னொன்றை வரைந்தார்.

இளைஞன் விடவில்லை. எத்தனை மாதம், எவ்வளவு வேகம், எப்படித் தெரியும் என்று அடுக்கினான். பெரியவரும் குந்திக்கொண்டார். மஃரிபுக்குப் பாங்கு ஒலிக்கும்வரை இருவரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். எழுந்து போகும்போது அவன் என்னைப் பார்த்து, “இதை எங்கட சேரிட்டச் சொல்லணும் மாமா” என்றான்.

“எந்த மொழியில?” என்றேன்.

“முதல்ல எழுதிப் பார்ப்பன்” என்று சொல்லிவிட்டு, கால்மணலைத் தட்டிக்கொண்டு பள்ளியை நோக்கி நடந்தான்.